நெட்ராவின் ரொட்டி நிழல்

நெட்ரா பல்சிஃபருக்கு வெயில் என்றால் பிறந்த நாளிலிருந்தே ஆகாது. செம்பட்டை முடி, பால் நிறத் தோல். ஜன்னல் வழியாக வந்த வெயில் தொட்டிலைத் தொட்டதுமே மூக்கு நுனி உரிந்துவிட்டதாம். அந்தத் தோலை அவள் அம்மா ஒரு சிமிழில் போட்டு வைத்திருந்ததாகச் சொல்வார்கள். சிமிழைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்து நிழலில் நெட்ரா நின்றதைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் பந்தை விரட்டிக்கொண்டு ஓட, இவள் அந்த மெல்லிசு நிழலுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, அது நகர நகரத் தானும் நகர்வாள். வகுப்பறைக் கடிகாரம் நின்றுபோன வருஷம், வாத்தியார் ஜன்னல் வழியாக நெட்ரா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பார்த்துத்தான் மணி அடித்தாராம்.

இப்படிப்பட்ட பெண் பிறப்பதற்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி யூட்டா மாநிலத்தின் தெற்கு மூலையில், சேஜ்வெல்லில் பிறந்தாள். சுற்றிலும் செம்பாறை. ஊர் முடிகிற இடத்தில் பள்ளத்தாக்குப் பூங்கா ஆரம்பிக்கிறது. ஜூலை மாதத்தில் அங்கே நிழலுக்கே வேர்க்கும். பல்லிகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, மேலே இருப்பது கீழே இருப்பதற்குக் குடை பிடிக்கும்; கொஞ்ச நேரம் கழித்து இடம் மாற்றிக்கொள்ளும்.

நெட்ரா வளர்ந்தாள், கூடப் படித்த டெலாயைக் கட்டிக்கொண்டாள், பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஓட்டுநர் கண்ணாடியில் பின் இருக்கை வரைக்கும் தெரியும். அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தலையை எண்ணுவதும், "தேய்ன், அந்தத் தவளையைப் பைக்குள்ள போடு" என்று திரும்பாமலே சொல்லுவதும் அவளுக்குக் கை வந்த கலை. கோடை விடுமுறையில் பேருந்து சும்மா நிற்கும். சும்மா நிற்கிற வண்டி அவளுக்குப் பிடிக்காது. அப்படி ஆரம்பித்ததுதான் திங்கள் நடை. கோடை முழுக்க, ஒவ்வொரு திங்கட்கிழமையும், ஊர்த் தேவாலயச் சபையில் கால் உள்ளவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளத்தாக்கில் நடத்திக் கூட்டி வருவாள்.

வெயிலைக் கண்டு நடுங்குகிறவளா கோடை நடைக்குத் திட்டம் போடுவது என்று கேட்கலாம். அவள்தான் போட வேண்டும். வெயிலுக்குப் பயப்படாதவர்களை உச்சிப் பொழுதில் பாதி பாட்டில் தண்ணீரோடு பூங்கா வாசலில் தினமும் பார்க்கலாம். சாயங்காலம் அவர்களைத் தூக்கி வருவதையும் பார்க்கலாம். நெட்ராவுக்கு எந்தப் பாறை எந்த வேளையில் எவ்வளவு தூரம் நிழல் நீட்டும் என்பதுதான் கவலை. அதைக் கண்டுபிடிக்க அவள் வைத்திருந்த வழி ஊரில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

சேஜ்வெல்லில் எந்த வீட்டு நிலவறையைத் திறந்தாலும் கோதுமை டின்கள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். கஷ்ட காலத்துக்கென்று சேர்த்து வைக்கச் சபை சொல்லியிருந்தது. கஷ்ட காலம் வருவதாக இல்லை. கோதுமைதான் பழசாகிக்கொண்டே போனது. நெட்ரா அதை அரைத்து, உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, சாப்பாட்டு மேஜையின் மேல் பள்ளத்தாக்கைக் கட்டுவாள். இந்தப் பக்கம் கிழக்குச் சுவர், அந்தப் பக்கம் மேற்குச் சுவர், ஓடை வளைகிற இடத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. திரையை இழுத்து மூடுவாள். டெலாய் டார்ச்சோடு குளிர்சாதனப் பெட்டிப் பக்கத்தில் உதிப்பார், பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் அஸ்தமிப்பார்.

"சூரியனே, கொஞ்சம் நிமிந்து நில்லு. பத்து மணிக்கு யாராவது இவ்ளோ தாழ்வா இருப்பாங்களா?"

"முட்டி வலிக்குது நெட்ரா."

"சூரியனுக்கு முட்டி கிடையாது. தெக்கால போ."

நிழல் விழுகிற இடத்தில் உலர்ந்த திராட்சையைக் குத்தி வைப்பாள். திராட்சை உள்ள இடத்தில் உட்காரலாம், இல்லாத இடத்தில் நடையை எட்டிப் போட வேண்டும். திட்டம் மனதில் பதிந்ததும் பள்ளத்தாக்கை அப்படியே அடுப்பில் வைத்துச் சுட்டுவிடுவாள். உப்புக் கரிக்கும், பல்லை உடைக்கும். டெலாய் ஒரு வாரம் கிழக்குச் சுவரைச் சூப்பில் ஊற வைத்துத் தின்பார்.

வருஷக்கணக்காக இந்த ஏற்பாடு பிசகவே இல்லை, போன கோடை வரைக்கும்.

போன கோடையில் சபை விருந்துக்காகப் பன் மாவு பிசைந்து வைத்திருந்தாள், ஈஸ்ட் போட்ட மாவு. இருக்கிற மாவை விட்டுவிட்டு இன்னொரு மாவு எதற்கு என்று அதிலேயே பள்ளத்தாக்கைக் கட்டினாள். டெலாய் ஒன்பது மணிக்கு வந்து நின்ற சமயம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அண்ணி லாரூ. புதுத் திரைச்சீலை வாங்கியிருக்கிறாளாம். அதன் நிறம், அதன் மடிப்பு, அதே திரையைப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கி வைத்திருக்கிற லட்சணம். சூரியன் ஒன்பது மணியிலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தது. பேசி முடித்துவிட்டு நெட்ரா மேஜைக்கு வந்தாள்.

"சுவரு கொஞ்சம் கொழுத்த மாதிரி தெரியல?" என்றார் டெலாய்.

"உனக்கு எல்லாமே கொழுத்த மாதிரிதான் தெரியும். டார்ச்சைப் பிடி."

கொழுத்துத்தான் இருந்தது. பேச்சு நடக்கும்போதே மாவு உப்பிக்கொண்டு வந்து, இரண்டு சுவரும் இல்லாத நிழலை அள்ளி வீசியது. நெட்ரா அந்த நிழலில் திராட்சைகளை வரிசையாகக் குத்தினாள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், திராட்சை இருந்த இடமெல்லாம் பளீரென்று வெயில். ஒதுங்க ஒரு புதர் கிடையாது. லாரூ தூக்கி வந்த கேரட் போட்ட பச்சை ஜெல்லி, மூடியைத் திறந்தபோது சர்பத்தாகிவிட்டிருந்தது. கேரட் துருவல் மட்டும் அதில் தனியாக நீந்திக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மூக்கு உரிந்ததோடு சரி. ஆனால் எல்லோரும் செங்கல் நிறத்தில் திரும்பி வந்ததால், எது பாறை எது ஆள் என்று தெரியாமல் பூங்கா வாசலில் காவல் இருந்த ரேஞ்சர் பெண் ஒரு பாறைக்கும் வணக்கம் சொன்னாளாம்.

"ரொட்டி நிழல்" என்று அதற்குப் பெயர் வைத்தவள் லாரூ. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது.

லாரூ சாதாரண அண்ணி இல்லை, பிஷப்பின் மனைவி. அந்த ஊரில் பிஷப் என்றால் அங்கி போட்டவர் இல்லை. வாரம் பூராவும் குதிரைமசால் தீவனப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, ஞாயிறு அன்று நகத்து மண்ணைச் சுரண்டிக்கொண்டு மேடை ஏறுகிறவர். சம்பளமில்லாத வேலை, முறை வைத்து ஒவ்வொருவர் தலையிலும் விழும். இப்போது நெட்ராவின் அண்ணன் ரூலன் ஹீப்ஸ் தலையில் விழுந்திருந்தது.

இந்த வருஷ வசந்தத்தில் சபைக் கூட்டம் போட்டார்கள். லாரூ எழுந்தாள்.

"பக்கத்து ஊர்ல பந்து உருட்டற கூடம் திறந்திருக்காங்க. ஏ.சி. இருக்கு. நாற்காலி இருக்கு. ஐஸ் போட்ட சோடா இருக்கு. நிழல் வேணும்னா, கூரையே இருக்கு. மாவு பிசைய வேண்டாம்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ரூலன் தொண்டையைச் செருமினார். ஒரு பக்கம் தங்கை, ஒரு பக்கம் மனைவி. ராத்திரிச் சாப்பாட்டை எந்த வீட்டில் சாப்பிட வேண்டும் என்பதையும் அவர் யோசித்துத்தான் பேச வேண்டும்.

"முதல் திங்கள் நெட்ராவுது. நல்லபடியா முடிஞ்சா இந்தக் கோடை பூரா நடை. சொதப்பினா, பந்து."

போன வருஷம்தான் பள்ளிக்கூடம் நெட்ராவுக்கு மாலை போடாத குறையாக ஓய்வு கொடுத்து, புதுப் பேருந்தை யாரோ ஒரு பையன் கையில் கொடுத்திருந்தது. பழைய பேருந்தை அடிமாட்டு விலைக்கு டெலாய் வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருந்தார். திங்கள் நடையும் போனால், அந்தக் கண்ணாடியில் எண்ணுவதற்குத் தலையே இருக்காது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் காலி சீட்டு வரிசை மட்டும் தெரியும்.

ஆகவே எதிலும் பிசகாத இடமாகத் தேர்ந்தெடுத்தாள். ஊசிக்காது. பள்ளத்தாக்கின் மேல் பக்கத்தில் பாறையைப் பிளந்துகொண்டு போகிற இடுக்கு அது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு ரிப்பன். வெயில் அதற்குள் இறங்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க வேண்டும். விடிகாலையில் நுழைந்தால் மறுபக்கம் வெளியே வரச் சாயங்காலம் ஆகும், அவ்வளவு நேரமும் குளுகுளுவென்றிருக்கும். மாவு வேண்டாம், டார்ச் வேண்டாம், திராட்சை வேண்டாம்.

"உள்ள பூரா நிழல்தான். யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள் டெலாயிடம்.

"சூரியனுக்கு லீவா?" என்று டெலாய் முட்டியைத் தடவிக்கொண்டார்.

ஊசிக்காதுக்கு ஆகாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். எங்கோ தூரத்து மேட்டில் மழை பெய்தால் போதும், அத்தனை தண்ணீரும் அந்த இடுக்கு வழியாகத்தான் இறங்கும். இறங்கும்போது உள்ளே இருக்கிறவர்கள் ஏறி நிற்க ஒரு திட்டு கூடக் கிடையாது. ஆனால் அந்த வருஷம் மழைக்கு வழியே தெரியவில்லை. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. குதிரைமசால் நின்ற இடத்திலேயே வைக்கோலாகிக்கொண்டிருந்தது.

நடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிஷப் ரூலன் மேடை ஏறினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஊரே சேர்ந்து மழைக்காக உபவாசம் இருக்கப் போறோம். ரெண்டு வேளை சாப்பாடு கிடையாது, சொட்டுத் தண்ணி கிடையாது. மனசார வேண்டிக்கணும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நெட்ராவும் சொன்னாள். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கு அடுத்த நாள் என்ன கிழமை என்று யோசித்தாள். யோசித்ததும் பின் வரிசையிலிருந்து எழுந்து, கூட்டம் கலைவதற்குள் அண்ணனை வாசலில் மடக்கினாள்.

"அண்ணே, உனக்கு வேற நாளே கிடைக்கலையா?"

"மழைக்கு நாள் பாக்கவா முடியும்? பயிரு சாகுது."

"திங்கக்கிழமை நான் பாதி ஊரை ஊசிக்காதுக்குள்ள கூட்டிட்டுப் போறேன். நீ ஞாயித்துக்கிழமை மழையைக் கூப்பிடற."

ரூலனுக்கு அப்போதுதான் உறைத்தது. தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், பதில் அங்கே இருக்கிற மாதிரி. "அப்ப நடையைத் தள்ளி வையேன்."

"தாராளமா தள்ளி வைக்கலாமே" என்று பின்னாலிருந்து லாரூவின் குரல் வந்தது. "தள்ளி வச்சா சொதப்பினதாத்தான் அர்த்தம். நான் கூடத்துல இடம் சொல்லி வச்சுடறேன்."

"நீங்க சும்மா இருங்க அண்ணி."

"இல்ல, நெட்ரா," ரூலன் குரலைத் தணித்தார், "வேண்டின மறுநாளேவா வந்துடப் போகுது? ஆண்டவருக்கும் கொஞ்சம் அவகாசம் வேணும்ல."

"அண்ணே! நீ பிஷப்பு. நீயே இப்படிப் பேசலாமா?"

ரூலன் தொப்பியை மாட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாத வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு சேஜ்வெல்லில் எந்த அடுப்பும் புகையவில்லை. நெட்ராவும் உபவாசம் இருந்தாள், ஏமாற்றவில்லை. மண்டியிட்டு, அண்ணன் வயலுக்காகவும் எதிர்வீட்டுக்காரர் மாடுகளுக்காகவும் உண்மையாகவே உருகி வேண்டினாள். கடைசியில், மூச்சுக்குக் கீழே, ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமையா இருந்தா நல்லது."

சாயங்காலம் உபவாசம் முடிந்ததும் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பூரா தண்ணீர் குடிக்காத கூட்டத்தைக் காலையில் நடத்திப் போனால் ஈ மாதிரி விழுவார்கள். டெலாயை எழுப்பிப் பேருந்தை எடுத்தாள். வீடு வீடாக ஹாரன் அடித்து, குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற மாதிரி ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, தன் கண் முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க வைத்தாள். எதிர்வீட்டு தேய்ன், அதே தவளைக்காரன், இப்போது தாத்தாவாகிவிட்டவன், "நெட்ரா, மாடு கூட இவ்ளோ குடிக்காது" என்றான். "மாடு நாளைக்கு நடக்கப் போறதில்ல. குடி" என்றாள்.

திங்கள் விடிந்தது. பேருந்தில் ஏறினார்கள். நெட்ரா கண்ணாடியில் தலைகளை எண்ணிக்கொண்டாள். ஒரு இருக்கை விடாமல் நிறைந்திருந்தது. பாதிப் பேர் நடக்க வந்தவர்கள், பாதிப் பேர் என்ன நடக்கப் போகிறது என்று பார்க்க வந்தவர்கள். லாரூ முன் இருக்கையில், மடியில் பெரிய கூடையோடு. கூடத்தில் மத்தியானத்துக்கு இடம் சொல்லியாகிவிட்டது என்று பக்கத்துப் பெண்ணிடம் ரகசியமாக, பின் இருக்கைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

பூங்கா வாசலில் பலகை எப்போதும் போலத் தொங்கியது. வெள்ளம்: வரலாம். ஜூலையில் அந்தப் பலகை வேறு எதுவும் சொன்னதில்லை.

"வானம் இப்ப சுத்தமா இருக்கும்மா" என்றாள் ரேஞ்சர் பெண். "மேட்டுல மத்தியானம் என்ன ஆகும்னு எங்களாலயும் உறுதியா சொல்ல முடியாது. போறதும் போகாததும் உங்க முடிவுதான்."

வானத்தில் ஒரு நூலளவு மேகம் கிடையாது. ஊசிக்காதின் வாயில் போய் நின்றால், ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் தடவியது. "ஆகா!" என்றது கூட்டம். தேய்ன் உள்ளே நாலு எட்டு வைத்து, ஒரு கூவு கூவி எதிரொலி கேட்டான்.

நெட்ரா நுழையவில்லை. வாசலில் நின்றபடி யோசித்தாள். அத்தனை பேர் மழை வேண்டும் என்று மட்டும் வேண்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை என்று வேண்டியது அவள் ஒருத்தி மட்டும். எண்ணிக்கை பார்த்தால் எந்தப் பக்கம் சாயும்? உள்ளே போனால் கோடை முழுக்க அவளுடையது. வெளியே நின்றால் பந்து. கால் உள்ளே போ என்றது. கண்ணாடியில் எண்ணிய அத்தனை தலையும் ஒவ்வொன்றாக மனதுக்குள் வந்து உட்கார்ந்தது.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றாள். பள்ளிப் பேருந்துக் குரல். தேய்ன் பழக்க தோஷத்தில் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டே வெளியே வந்தான்.

"என்ன ஆச்சு?" என்றாள் லாரூ.

"நேத்து நாம எதுக்குப் பட்டினி கிடந்தோம் அண்ணி?"

"மழைக்கு."

"தேய்ன், நீ வேண்டினியா?"

"பலமா வேண்டினேன். எம்மாடு எல்லாம் எலும்பும் தோலுமா நிக்குது."

"வரும்னு நெனச்சு வேண்டினியா, வராதுன்னு நெனச்சா?"

தேய்ன் வானத்தைப் பார்த்தான், லாரூவைப் பார்த்தான். "வரும்னுதான்."

"அப்ப எந்தத் தைரியத்துல இதுக்குள்ள நுழைஞ்ச?"

ஞாயிற்றுக்கிழமை வேண்டியதைத் திங்கட்கிழமை நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அந்த ஊரில் ஆள் கிடையாது. அதுவும் பிஷப் மனைவியின் முன்னால். பிஷப் மனைவியாலும் முடியாது.

லாரூதான் முதலில் தேறினாள். "சரிம்மா. அப்ப நடை இல்ல. வண்டியைத் திருப்பு, கூடத்துக்குப் போவோம்."

"நடை உண்டு. இடம்தான் வேற." நெட்ரா மேலே கையை நீட்டினாள். இடுக்குக்குப் பக்கத்துச் சுவரில், பாதி உயரத்தில், பாறை குடை மாதிரி வளைந்து நின்றது. அதுவரைக்கும் ஏறுவதற்கு ஒரு விளிம்புப் பாதையும் இருந்தது.

"அங்கயா? எந்நேரம் வெயில் வரும்னு மாவு பிசைஞ்சு பாத்தியா?"

பார்க்கவில்லை. நெட்ராவின் கழுத்தில் வேர்த்தது. லாரூவின் கையில் இருந்த கூடையிலிருந்து ரொட்டி வாசனை வந்தது.

"அண்ணி, கூடைக்குள்ள என்ன?"

"திராட்சை ரொட்டி. மத்தியானத்துக்கு. எதுக்குக் கேக்கற? ஏய்... ஏய் நெட்ரா! அது என் ரொட்டி!"

ரொட்டி அதற்குள் பக்கத்து மேட்டில் நிறுத்தியிருந்த பேருந்தின் பானெட் மேல் ஒரு தட்டில் ஏறியிருந்தது. நெட்ரா அதை இரண்டாகப் பிளந்து நிறுத்தினாள். சுவரைப் பார்ப்பாள், ரொட்டியைப் பிய்ப்பாள். திரும்பச் சுவரைப் பார்ப்பாள், கட்டைவிரலால் குடைவாள். பிய்த்த துண்டுகளைத் தேய்ன் வாயில் போட்டுக்கொண்டான்.

"போன வருஷம் மாதிரி இதுவும் வீங்கிடப் போகுது" என்று லாரூ பொரிந்தாள்.

"வெந்த ரொட்டி வீங்காது அண்ணி."

அப்போது கிழக்கு விளிம்பைத் தாண்டிச் சூரியன் எட்டிப் பார்த்தது. டார்ச்சோடு வந்து நின்ற டெலாய், வேலை போனதைப் புரிந்துகொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். நெட்ரா தட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பொழுதை ஓட்டினாள். எட்டு மணி, பத்து மணி, உச்சி. நிழல் ரொட்டிக்குள் பின்வாங்கிப் பின்வாங்கிக் குடையின் உள்பக்கம் போய் ஒண்டியது. அந்த இடத்தில் ஒரு திராட்சை தானாகவே வெந்து உட்கார்ந்திருந்தது.

"அதுக்கு உள்பக்கம் உக்காந்தா போதும். ஏறுங்க" என்றாள்.

ஏறினார்கள். முனகிக்கொண்டே ஏறினார்கள். தர்ப்பூசணியைத் தேய்ன் தோளில் தூக்கி வந்தான். குடைப்பாறைக்குக் கீழே நெட்ரா செருப்பு நுனியால் மணலில் ஒரு கோடு கிழித்து, எல்லோரையும் அதற்கு உள்பக்கம் உட்கார வைத்தாள். லாரூ வேண்டுமென்றே கோட்டின் மேலேயே காலில் போட்டிருந்த சப்பாத்தின் நுனி படுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் ஏறியது. எதிர்ச்சுவர் அடுப்புக் கங்கு மாதிரி ஆனது. வெயிலின் ஓரம் மணலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து வந்தது. அத்தனை கண்ணும் அதையே பார்த்தன. உச்சியில் அது லாரூவின் சப்பாத்து நுனியைத் தொட்டது. சப்பாத்தின் வார் வரைக்கும் வந்தது. நின்றது. கொஞ்ச நேரம் நின்று, வந்த வழியே மெல்லத் திரும்பியது.

டெலாய் மட்டும் கை தட்டினார்.

"நிழல் சரிதான்" என்றாள் லாரூ, காலை இழுத்துக்கொண்டே. "மழை எங்க? எனக்கு ஒரு சொட்டு விழல. பேசாம ஊசிக்காதுக்குள்ள போயிருந்தா இந்நேரம் பாதி தூரம் நடந்திருப்போம். சொன்ன இடத்துக்குக் கூட்டிட்டுப் போகல. இது சொதப்பல்தான்."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். வானம் இன்னும் நீலமாகத்தான் இருந்தது. நெட்ரா தர்ப்பூசணித் தோலைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

முதலில் வந்தது வாசனை. எங்கோ நனைந்த மண். அப்புறம் ஒரு சத்தம், ரயில் வருகிற மாதிரி. சேஜ்வெல் பக்கம் ரயிலே கிடையாது. எல்லோரும் விளிம்புக்கு ஓடிக் குனிந்து பார்த்தார்கள்.

ஊசிக்காதின் வாயிலிருந்து தண்ணீர் வரவில்லை. மலையே உருகிச் செஞ்சாந்தாக வெளியே வந்தது. முழு மரங்கள் அதில் தீக்குச்சி மாதிரி சுழன்றன. பின்னாலே ஒரு வேலிக்கம்பம், யாருடையதோ ஒரு மாட்டுத்தொட்டி, அந்தத் தொட்டிக்குள் ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஒரு முயல். முயலைப் பற்றி ஊரில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. காலையில் தேய்ன் கூவிய இடத்தில் இப்போது வீட்டுக் கூரை உயரத்துக்கு வெள்ளம் சுவரை அறைந்தது.

அவர்கள் தலைக்கு மேல் அப்போதும் ஒரு சொட்டு விழவில்லை.

தேய்ன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். லாரூ கூடையைத் திறந்தாள், மிச்சமிருந்த ரொட்டியைப் பார்த்தாள், மூடினாள்.

"கூடத்துக்குப் போன் பண்ணி இடம் வேண்டாம்னு சொல்லணும்" என்றாள் யாரையும் பார்க்காமல். அப்புறம் நெட்ராவைப் பார்த்து, "அடுத்த திங்கள் எங்க? முன்னாடியே சொல்லித் தொலை. ரெண்டு ரொட்டியா சுடறேன். ஒண்ணு திங்கறதுக்கு, ஒண்ணு நீ பிய்க்கறதுக்கு."

"திராட்சை கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுங்க அண்ணி."

"அதுக்கும் எனக்குச் சொல்லிக் குடுப்பியா?"

இறங்கி, பேருந்தை எடுத்து, ஊருக்குத் திரும்பினால் பாதி வழியில் சாலையைக் காணோம். எப்போதும் வறண்டு கிடக்கிற ஓடை சாலையை விழுங்கிக்கொண்டு ஓடியது. எதிர்க்கரையில் ஒரு டிராக்டர். அதன் மேல் பிஷப் ரூலன். வாய்க்காலில் தண்ணீர் வந்ததைக் கண்டு குதித்திருக்கிறார், குதித்து முடித்ததும்தான் தங்கையும் மனைவியும் பாதி ஊரும் எங்கே இருக்கிறார்கள் என்று நினைவு வந்து அலறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். பேருந்தைக் கண்டதும் டிராக்டர் மேலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்று வெள்ளத்துக்கு மேலே கத்தினார்.

நெட்ரா கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு இருக்கை காலி இல்லை.

"இருக்கோம்!"

"உள்ள போகலையா?"

"நீ வேண்டினதை நாங்க நம்பிட்டோம் அண்ணே!"

ரூலன் ஏதோ சொன்னார், வெள்ளத்தில் கேட்கவில்லை. லாரூ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "என்னங்க! அடுப்புல உருளைக்கிழங்கு வச்சிருந்தேனே, அணைச்சீங்களா?" அது அவருக்கு நன்றாகக் கேட்டது. முகம் போன போக்கைப் பார்த்தே அணைக்கவில்லை என்று இக்கரைக்குத் தெரிந்தது.

"அண்ணே!" நெட்ரா கையைக் குவித்துக் கத்தினாள். "அடுத்த தடவை உபவாசம்னா, தேதியை என்கிட்ட கேட்டு வை!"

பிஷப் தொப்பியை உயர்த்திக் காட்டினார்.

வெள்ளம் வடிகிற வரைக்கும் பேருந்திலேயே இருந்தார்கள். இருந்த சாப்பாட்டை எல்லாம் எடுத்துப் பரப்பித் தின்றார்கள். லாரூவின் ஜெல்லி அந்த வருஷம் உருகவில்லை. கேரட் இருந்த இடத்திலேயே இருந்தது. இருட்டுவதற்குள் ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கோடையில் ஒரு திங்கள் கூடத் தவறவில்லை. இப்போதும் சேஜ்வெல்லில் பிஷப்பாக யார் வந்தாலும், மேடையில் உபவாச நாளைச் சொல்வதற்கு முன் பின் வரிசையை ஒரு தரம் பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நெட்ரா தலையை ஆட்டினால்தான் வாயைத் திறப்பார்.

வெள்ளம் வந்த அந்தத் திங்களுக்கு மறுநாளும் மழை வந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. ஊரில் வேறு எங்கும் பெய்யாமல் நெட்ரா வீட்டுக் கூரையிலும், வாசலில் நின்ற மஞ்சள் பேருந்திலும், இரண்டு ரோஜாச் செடியிலும் மட்டும் பொறுமையாகப் பெய்துவிட்டுப் போனது. டெலாய் ஜன்னல் வழியாகப் பார்த்து, "இது எதுக்குடி இங்க மட்டும் பெய்யுது?" என்றார்.

நெட்ராவுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கொடியில துணி இருக்கு, எடுத்துட்டு வா" என்றாள்.